காளை வகுத்த சரிவில் ஏறிய கார்கள்

மேட்டுப்பாளையத்தின் பாக்குத் தோப்புகளைத் தாண்டிக் கல்லாற்றுப் பாலத்தைக் கடந்ததும் குன்னூர்ச் சாலை மெல்ல நிமிரத் தொடங்குகிறது. பர்லியார், காட்டேரி என்று ஊர்கள் வந்து போக, 14 கொண்டை ஊசி வளைவுகளில் சாலை தன்னைத்தானே மடித்துக்கொண்டு மேலே போகிறது. இன்றைய கார்கள் அந்த ஏற்றத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பதால், சாலையே கார்களுக்காகப் போடப்பட்டது என்று பயணிகள் நினைப்பது இயல்புதான். ஆனால் இந்தப் பாதை 1871-ல் திறக்கப்பட்டபோது உலகில் எங்குமே பெட்ரோல் கார் இருக்கவில்லை. கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886-ல். குன்னூர்ச் சாலை காரைவிட 15 ஆண்டுகள் மூத்தது. அதன் சரிவை முடிவு செய்தவை பாரம் இழுக்கும் காளைகள். காளையின் மூச்சுக்கு ஏற்றபடி வகுத்த சரிவு, பின்னாளில் வந்த வலுவற்ற கார்களுக்கும் பொருந்திப்போனது. நீலகிரியிலும் பழனி மலையிலும் மோட்டார் வண்டியின் ஆரம்பகால வரலாற்றைப் புரிந்துகொள்ள, எஞ்சினுக்கு முன்பு இந்தச் சரிவைத்தான் பார்க்க வேண்டும்.

மோட்டார் பந்தயம் என்றதும் இன்று நம் மனத்தில் வருவது வட்டமாகச் சுற்றும் ஓடுதளம். ஆனால் பந்தயம் பிறந்தது பொதுச் சாலையில். 1894-ல் பாரிசிலிருந்து ருவான் நகருக்குக் குதிரையில்லா வண்டிகளின் போட்டி நடந்தது. 1903-ல் பாரிசிலிருந்து மாட்ரிட்டுக்குத் தொடங்கிய பந்தயத்தில் ஓட்டுநர்களும் சாலையோரம் நின்றவர்களும் உயிரிழந்ததால், போர்தோ நகரிலேயே அது நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஊர்விட்டு ஊர் பாயும் பந்தயங்கள் ஒடுங்கின. மூடிய சுற்றுகளும், இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் போல 1907-ல் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட தளமும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இவற்றோடு கூடவே வளர்ந்த மூன்றாவது வகைதான் மலையேற்றப் போட்டி. பிரான்சின் நீஸ் நகரை ஒட்டிய லா துர்பி மலையில் 1897-லேயே அது நடந்தது. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் என்ற இடத்தில் 1905-ல் தொடங்கிய 1,000 கெஜப் பாதையில் இன்றும் நடக்கிறது. இந்த வகையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொரு காரும் தனியாக மலையோடு மோதும். கடிகாரம் தீர்ப்புச் சொல்லும்.

நம் மலைச் சாலைகளைப் பந்தயச் சாலைகள் என்று சொல்வது இந்த மூன்றாவது பொருளில்தான் சரியாக இருக்கும். இங்கே பார்வையாளர் மேடையோ கொடியசைப்போ தேவைப்படவில்லை. சமவெளியிலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்கு ஒரு காரைக் கொண்டுசேர்ப்பதே போட்டியாக இருந்தது. உதகை வரை எங்கும் நிற்காமல், கொதிக்காமல், பின்னோக்கி உருளாமல் போய்ச் சேர்ந்த கார் வென்ற கார்.

சாலைகளின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலைமேல் வந்து பார்த்த பிறகு, சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் பாதையை மெக்பர்சன் என்ற இராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் வெட்டினார்கள். 1823 வாக்கில் அது முடிந்தது. அது மட்டக்குதிரைக்கும் சுமைகூலிக்கும் உரிய பாதை. அடுத்து 1830-களின் தொடக்கத்தில், லஷிங்டன் சென்னை ஆளுநராக இருந்தபோது, பாதை வெட்டும் பயனியர் படையினரைக் கொண்டு முதல் குன்னூர்க் கணவாய்ப் பாதை போடப்பட்டது. மலையடிவாரத்துக் காய்ச்சல் அந்நாளில் எல்லோரையும் அச்சுறுத்தியது. கல்லாற்றில் இரவு தங்கவே பயணிகள் அஞ்சினார்கள், அங்கேயே கிடந்து பாறை உடைத்தவர்களின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாதையும் செங்குத்தாகவே இருந்ததால் பாரவண்டிகளுக்கு உகந்ததாக அமையவில்லை. மைசூர்ப் பக்கத்திலிருந்து வருவோருக்காக 1830-களின் பின்பகுதியில் சீகூர்க் கணவாய் திருத்தப்பட்டது. நாம் இன்று கல்லட்டிச் சாலை என்று சொல்வது அதுதான்.

1850-களில் வெலிங்டனில் படைமுகாம் எழுந்தது, சரிவுகளில் காபித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பரவின, 1870-லிருந்து சென்னை மாகாண அரசே கோடையில் உதகைக்கு இடம்பெயரத் தொடங்கியது. கோப்புக் கட்டுகள், பீரங்கிகள், அரிசி மூட்டைகள், பியானோக்கள் என்று எல்லாமே சக்கரத்தின் மேல் ஏறவேண்டிய நிலை வந்தபோது, செங்குத்தான பழைய பாதை போதவில்லை. அதற்கு விடையாக வந்ததுதான் 1871-ன் புதிய சாலை. அதை அமைத்த லா என்ற பொறியாளரின் பெயரைக் குன்னூருக்குக் கீழே உள்ள லா நீர்வீழ்ச்சி இன்றும் சுமந்து நிற்கிறது.

லா செய்த காரியத்தை எண்ணில் சொன்னால்தான் அதன் அருமை தெரியும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை சாலை சுமார் 1,300 மீட்டர் உயர்கிறது. அதற்கு அது எடுத்துக்கொள்ளும் நீளம் சுமார் 25 கிலோமீட்டர். ஏறத்தாழ 20 அடி நடந்தால் 1 அடி ஏற்றம். அதே மலையில் 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயில், நீளத்தைக் குறைத்து, 12.28 அடிக்கு 1 அடி என்ற சரிவில் ஏறுகிறது; அந்த ஏற்றத்தில் வழவழப்பான தண்டவாளத்தின் மேல் சக்கரம் வழுக்கும் என்பதால்தான் நடுவில் பல்தண்டவாளம் போடவேண்டி வந்தது. கல்லட்டியோ இன்னும் கடுமை: ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை 12 கிலோமீட்டர் அளவில் 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கிவிடுகிறது. சரிவு மிதமாக இருக்கவேண்டுமானால் சாலை நீளவேண்டும், நீண்டால் பாறை வெட்டும் செலவும் சுவர் எழுப்பும் செலவும் கூடும். லா அந்தச் செலவைக் காளைக்காகச் செய்தார். பாரமேற்றிய ஒரு ஜோடி மாடு மூச்சு வாங்காமல் ஏறவும், இறங்கும்போது வண்டி மாட்டின் மேல் சாயாமல் இருக்கவும் எந்தச் சரிவு வேண்டுமோ, அதை அவர் மலையைச் சுற்றிச் சுற்றித் தேடிக் கண்டுபிடித்தார்.

ஆரம்பகாலக் கார்களின் உள்ளமைப்பைப் பார்த்தால் இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு டி மாடல் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சினுக்கு 20 குதிரைத்திறன். முன்னோக்கிப் போக இரண்டே கியர்கள். பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. பம்பு கிடையாது, தொட்டியிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாகவே வடிந்து இறங்கவேண்டும். ஏற்றத்தில் காரின் முகம் மேலே தூக்கும்போது கார்புரேட்டர் தொட்டியைவிட உயர்ந்துவிடும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சின் பாதி வழியில் மூச்சடைத்து நின்றுவிடும். இதற்கு உலகெங்கும் ஓட்டுநர்கள் கண்ட வழி, காரைத் திருப்பிப் பின்பக்கமாகவே மலையேற்றுவது. அப்போது தொட்டி மேலே, எஞ்சின் கீழே. ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிட வலுவானது என்பதால் இழுவையும் கூடுதலாகக் கிடைக்கும். மிதமான சரிவுள்ள குன்னூர்ச் சாலையில் இந்த வித்தை பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது. கல்லட்டி போன்ற ஏற்றத்தில் அது இல்லாமல் முடிந்திருக்காது.

உயரம் இன்னொரு வகையில் எஞ்சினைத் தின்றது. உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று குறைந்தால் அதன் வலுவும் அதே அளவு குறையும். 20 குதிரைகளோடு மேட்டுப்பாளையத்தில் புறப்பட்ட கார் உதகைக்குள் 16 குதிரைகளோடு நுழையும். காற்று குறைந்தும் பெட்ரோல் அதே அளவில் வருவதால் கலவை கெட்டியாகி, புகைபோக்கியில் கரும்புகை வரும், பிளக்குகளில் கரி படியும். தண்ணீரும் உதகையில் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்நாள் கார்கள் பலவற்றில் தண்ணீர்ப் பம்பு இல்லை. சூடான நீர் தானே மேலேறுவதும் குளிர்ந்த நீர் தானே கீழிறங்குவதுமான சுழற்சியை நம்பித்தான் ரேடியேட்டர் இருந்தது. மெதுவாக ஊர்ந்து ஏறும் காரின் முகத்தில் காற்றும் சரியாகப் படாது. ஆகவே வழியில் தண்ணீர் கிடைக்கும் இடமெல்லாம் காருக்கும் நிறுத்துமிடமாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் பர்லியாருக்கு மேலே ஓர் ஓரத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். 1930-களின் ஆஸ்டின் செவன் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல். உரிமையாளர் சாக்குத் துணியை நான்காக மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டு, அரைச்சுற்று மட்டும் திருப்பி, சீறல் அடங்கும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். அவசரப்பட்டு மூடியைக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிறகு எஞ்சினை அணைக்காமலே, பிளாஸ்டிக் குடத்திலிருந்து நூல்போலத் தண்ணீரை ஊற்றினார். சூடேறிய இரும்பில் ஒரேயடியாகக் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழும் என்றார். முக்கால் மணி நேரம் அங்கே நின்றோம். எங்களைக் கடந்து போன சுற்றுலா வேன்களில் ஒன்றுகூட வேகத்தைக் குறைக்கவில்லை.

ஏறுவது ஒரு பாடு என்றால் இறங்குவது வேறு பாடு. 1920-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான கார்களுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. அதுவும் கம்பியாலோ தண்டாலோ இழுபடும் பிரேக். ஆஸ்டின் செவனில் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு என்றாலும், 1930 வரை கால்மிதி பின்சக்கரங்களையும் கைப்பிடி முன்சக்கரங்களையும் தனித்தனியே பிடித்தன. 1930-களின் நடுவில் வந்த மாரிஸ் எய்ட் போன்ற கார்களில்தான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் சிறிய கார்களுக்கும் கிடைத்தது. அதுவரை, எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பதுதான் மலைச்சாலையின் விதி. மலைச்சாலை ஓட்டுநர்கள் புதியவர்களுக்கு இன்றும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

என் பெரியப்பா இளவயதில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப் போகும் லாரியில் கிளீனராக இருந்தார். அவருடைய அடைக்கட்டை எங்கள் வீட்டு விறகறையில் வெகுநாள் கிடந்தது. முக்கோணமாகச் செதுக்கிய வேங்கைமரத் துண்டு, ஒன்றரை முழ நீளம். ஒரு முனையில் துளையிட்டு, கயிறு கட்டியிருக்கும். வளைவில் லாரி திணறினால் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகவேண்டும். வண்டி நகர்ந்ததும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடி மறுபடியும் ஏறிக்கொள்ளவேண்டும். அந்தக் கட்டையின் சரிந்த முகம் டயரின் வரிகள் பதிந்து கறுத்துப்போயிருந்தது. ஐரோப்பாவின் பழைய கார்கள் சிலவற்றில் இதே வேலைக்காகவே அடிப்பக்கம் ஓர் இரும்புக் கம்பி தொங்கும். கார் பின்னோக்கி நகர்ந்தால் அது மண்ணில் ஊன்றித் தடுத்துவிடும். நம் மலைகளில் அந்தக் கம்பியின் வேலையை ஒரு பையன் செய்தான். மோட்டார் வரலாற்றை எழுதுகிறவர்கள் கார் உரிமையாளர்களின் பெயர்களைத் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். கட்டையோடு ஓடிய இந்தப் பையன்களின் பெயர்களை எவரும் குறித்துவைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

மலை காருக்குப் பாடம் நடத்தியது நம் நாட்டில் மட்டுமன்று. 1908-ல் ஒரு ரோல்ஸ்ராய்ஸ் கார், பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் இடையே ஆறு மலைக்கணவாய்களைக் கடக்கும் 620 மைல் சோதனையோட்டத்தில் ஓடிக் காட்டித்தான் இந்திய மன்னர்களிடையே பெயர் வாங்கியது. அதே நிறுவனத்தின் மூன்று கியர் கார் ஒன்று 1912-ல் ஆஸ்திரியாவின் கட்ஷ்பெர்க் ஏற்றத்தில் திணறி நின்றுவிட்டது. மறு ஆண்டு ஆல்ப்ஸ் மலைச் சோதனைக்கு அந்நிறுவனம் நான்கு கியர்களோடு கார்களை அனுப்பியது. ஒரு கியர் கூடுவதற்கு ஒரு மலை காரணமாயிற்று என்பது பெரிய செய்தி. அத்தகைய கார்கள் மைசூர் அரச குடும்பத்தின் ஃபெர்ன்ஹில் மாளிகை போன்ற உதகைக் கோடை மாளிகைகளின் முற்றங்களில் நிற்க முடிந்ததற்கு, அவற்றின் எஞ்சின் எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்தச் சாலைகளின் சரிவும் காரணம்.

சரிவு காருக்கு உதவியதே தவிர, சாலையின் மேற்பரப்பு உதவவில்லை. அந்நாளில் ஜல்லியைப் பரப்பி, மண்ணும் தண்ணீரும் சேர்த்து, உருளையால் இறுக்கியதுதான் சாலை. இரும்புப் பட்டை கட்டிய மாட்டுவண்டிச் சக்கரம் ஜல்லியை அரைத்து உண்டாக்கிய தூளே, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பிசினாக நின்றது. காற்றடைத்த ரப்பர் டயர் வேகமாக உருளும்போது அந்தத் தூளை உறிஞ்சி வெளியே வீசிவிடும். பிசின் போனபின் ஜல்லி பெயரும், அடுத்த மழையில் சாலையே ஓடையாகும். இந்தச் சிக்கலைப் பேசுவதற்கென்றே 1908-ல் பாரிசில் முதல் உலகச் சாலை மாநாடு கூடியது. தார் போடுவது பரவிய பிறகே இது தீர்ந்தது. இந்தியாவில் 1927-ல் அமைத்த ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி, பெட்ரோல் மீதான கூடுதல் வரியிலிருந்து 1929-ல் சாலை நிதி உருவானது. அதற்கு முன் காரும் மாட்டுவண்டியும் ஒரே ஜல்லிச் சாலையில் ஒன்றையொன்று சகித்துக்கொண்டன. மாட்டின் குளம்பிலிருந்து உதிர்ந்த லாட ஆணி கார் டயரில் ஏறுவது அன்றாட நிகழ்ச்சி. சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, ஒட்டுப்போட்டு, கையால் காற்றடித்து மறுபடி புறப்படவேண்டும். காரும் பதிலுக்கு மாட்டை மிரளவைத்தது.

பழனி மலையின் கதை இதிலிருந்து விலகிப் போகிறது. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845-லேயே குடியேறினார்கள். 1863-ல் ஆட்சியர் லெவிஞ்சின் முயற்சியில் ஏரி உருவானது. 1875-ல் அடிவாரத்தில் கொடைக்கானல் ரோடு ரயில் நிலையம் வந்தது. ஆனாலும் மேலே ஏற வண்டிப்பாதை இல்லை. ரயிலிலிருந்து இறங்கியவர்கள் மாட்டுவண்டியில் பெரியகுளத்தை ஒட்டிய கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை வந்து, அங்கிருந்து கூலிப்பாதை என்று பெயர் பெற்ற ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமந்த டோலியிலோ ஏறினார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலைக்கு 1870-களிலேயே லாவின் பெயரால் தடம் போட்டிருந்தும், பணி பாதியில் நின்று, பல பத்தாண்டுகள் கழித்து முதல் உலகப் போர்க் காலத்தில்தான் அது கொடைக்கானலைச் சேர்ந்தது. அதற்குள் கார் வந்துவிட்டது. நீலகிரியில் காளைகளின் சாலைக்குள் கார் விருந்தாளியாக நுழைந்தது. கொடைக்கானலோ மாட்டுவண்டிக் காலத்தை ஏறக்குறையத் தாண்டி, டோலியிலிருந்து நேராக மோட்டாருக்கு மாறியது. இந்த வேறுபாட்டை நம் ஊர் வரலாறுகள் போதுமான அளவு எடுத்துச் சொல்லவில்லை என்பது என் கருத்து. ஒரு தலைமுறைக்குள் சுமைகூலிகளின் பிழைப்பு போய், ஓட்டுநரும் கிளீனரும் மெக்கானிக்கும் அந்த இடத்துக்கு வந்தார்கள். டம்டம் பாறையிலும் ஊத்திலும் பெருமாள்மலையிலும் சாலையோரம் கடைகள் முளைத்ததற்கும் இந்தச் சாலையே காரணம்.

பொதுமக்களுக்கு மோட்டார் என்றால் காரை விட பஸ்தான். ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். மலையடிவாரத்தில் பழுதுபார்க்கும் பட்டறைகளும், கடைசல் தொழிலும், உதிரிபாகம் தேடிக் கொடுக்கும் கடைகளும் வளர்ந்ததற்கு இத்தகைய பஸ் தொழில் பெரிய தூண்டுதல். பழைய கார் ஒன்று இன்றும் உயிரோடிருப்பதற்கு அந்தப் பட்டறைகளே காரணம். நூறு வயதுக் காருக்கு ஒரு பல்சக்கரம் தேய்ந்துவிட்டால், அளவெடுத்து, வார்த்து, கடைந்து கொடுக்கும் கைகள் கோயம்புத்தூரில் இருக்கின்றன. அவினாசி சாலையில் நாயுடுவின் பெயரோடு உள்ள கார் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துக் கார்களை வரிசையாகப் பார்க்கலாம். மலையேறும் முன் அங்கே போய் ஒரு பழைய காரின் பிரேக் தண்டைக் குனிந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. குன்னூர்ச் சாலையின் ஒவ்வொரு வளைவும் வேறு விதமாகத் தெரியும்.

போட்டி என்ற முறையில் மோட்டார் விளையாட்டு தமிழகத்தில் அமைப்பாக வளர்ந்தது சமவெளியில்தான். 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்கால விமானத்தளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓடுதளம் வந்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ஓடுதளம் பந்தய ஓட்டுநர் கரிவரதனின் பெயரைத் தாங்குகிறது. தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனும், ஃபார்முலா ஒன் வரை சென்ற அவர் மகன் நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்கள். வாரக் கடைசியில் காரை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் கொண்டை ஊசி வளைவுகளுக்குள் நுழைந்துவிடக்கூடிய ஊரில் இத்தகைய ஓட்டுநர்கள் தோன்றியதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சாலைகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. குன்னூர்ச் சாலை இன்று 181-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. அகலப்படுத்தும்போது மலையை உள்பக்கமாக வெட்டினால் வளைவின் உள்விளிம்பு முன்பைவிடச் செங்குத்தாகிவிடும் ஆபத்து உண்டு. பழைய கல்கட்டுச் சுவரை எடுத்துவிட்டுக் கான்கிரீட் சுவர் வைத்தால், கல் இடுக்குகளின் வழியே கசிந்து போன மழைநீருக்குத் தனியே வழி விடவேண்டும். விடாவிட்டால் நீர் மண்ணுக்குள் தேங்கிச் சுவரைத் தள்ளும். பழைய காரைத் துடைத்துப் பாதுகாக்கிறவர்கள் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது, அந்தக் கார் ஏறிய தடத்துக்கும் நெடுஞ்சாலைப் பணியாளர்கள் காட்டவேண்டும். சரிவு எண்களும் பழைய சுவர்களும் வளைவுகளின் ஆரமும் அளந்து பதிவு செய்யப்படவேண்டியவை.

கல்லட்டிச் சாலையில் உயிர்ப்பலி கொண்ட விபத்துகளுக்குப் பிறகு, வெளியூர் வண்டிகள் உதகையிலிருந்து அந்த வழியே இறங்கத் தடை இருக்கிறது. பிரேக் சூடேறிப் பிடிப்பை இழப்பதுதான் அங்கே நடந்த பல விபத்துகளின் பின்னணி. 1830-களில் மாட்டுக்குக் கடினமாக இருந்த அதே சரிவு, தானியங்கிக் கியர் பெட்டியை நம்பி, கால் எடுக்காமல் பிரேக்கை மிதித்தபடி இறங்குகிறவரையும் இன்று பிடித்துக்கொள்கிறது.

எதிரெதிரே இரு வண்டிகள் ஒதுங்க இடமில்லாத மலைச்சாலையில், இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிடவேண்டும் என்று, 2017 வரை நடைமுறையில் இருந்த 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் சொல்லின. ஏறுகிற வண்டி ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்ப முடியாத காலத்தின் நியாயம் அந்த விதிக்குள் இருக்கிறது. பர்லியாருக்கு மேலே அந்த ஆஸ்டின் மறுபடி புறப்பட்டபோது, எதிரே இறங்கிவந்த காய்கறி லாரி ஒன்று வளைவுக்கு முன்பாகவே நின்று விளக்கைச் சிமிட்டியது. நான் பின்சக்கரத்தடியிலிருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன்; கார் முதல் கியரில் வளைவைத் தாண்டி மேலே போயிற்று.